சாட்சியை நீங்கள் விசாரிக்கலாம்

சாட்சியை நீங்கள் விசாரிக்கலாம் என்று அந்த வக்கீல் என்னைப் பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், நான் மோனிஷாவைப் பார்த்தேன், அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுத்தான் அவளால் உட்கார முடிந்தது, வயிறு அவ்வளவு முன்னால் வந்துவிட்டது. விசாரிக்கலாம். எவ்வளவு மரியாதையான சொல். என்னை வேலையை விட்டுத் துரத்துவதற்காக ஏ.சி. அறையில் கூட்டம் போட்டு, துரத்துவதற்கு முன்னால் எனக்கு ஒரு உரிமையைக் கொடுக்கிறார்கள், இந்தத் தையல் கம்பெனி கூட்டிவந்த சாட்சியை நான் கேள்வி கேட்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். கேக்காம வந்துடாத அஞ்சுகம், கேக்காம வுட்டா அவங்க சொன்னத நீ ஒத்துக்கிட்ட மாதிரி, நாளைக்கு லேபர் கோர்ட்டுக்குப் போனாலும் அன்னிக்கே ஏம்மா கேக்கலன்னுதான் மொதல்ல கேப்பாங்க, என்று எத்திராஜ் அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார். சங்கத்து ஆள் அவர், பழைய மில் தொழிலாளி. இப்போது கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், வெளியாள் உள்ளே வரக்கூடாதாம். கூட வேலை செய்கிற ஒருத்தரை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. நான் பாக்கியத்தைக் கேட்டேன், வருஷக்கணக்காக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பாக்கியம், எங்க வூட்டுக்காரரு வேணாங்கறாரு அஞ்சுகம், தப்பா எடுத்துக்காத என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஹெச்.ஆர். நளினி மேடம், ஓரத்தில் கம்ப்யூட்டரோடு டைப்பிஸ்ட், நடுவில் இந்த வக்கீல், இவர்தான் விசாரணை அதிகாரி. நான் நடுநிலையானவன், யார் பக்கமும் கிடையாது என்று முதலில் ஒரு தரம் சொன்னார். சொல்லும்போதே நளினி மேடம் நகர்த்திய தட்டிலிருந்து முந்திரி பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எத்திராஜ் அண்ணன் நேற்று அதை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், நான் தயங்கினேன், வெக்கப்பட்டா வேலை போயிடும், சொல்லு என்றார், சொன்னேன். அன்னிக்கு நீ மிஷின்ல உக்காந்தபடியே ஒண்ணுக்குப் போயிட்டியா இல்லையா. இதுதான் கேள்வி. ஆமாம் என்றால் நான் பிழைத்தேன். இல்லை என்றால் பொய் என்று பக்கத்து மிஷின்காரியைக் கூப்பிடச் சொல்லலாம். கேள்வி நாக்கில்தான் இருக்கிறது, மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீழே இறங்கவும் இல்லை வெளியே வரவும் இல்லை. மூன்று பேர் முன்னால், அதுவும் இரண்டு ஆம்பளைகள் முன்னால், அந்த டைப்பிஸ்ட் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவான், ஒ, ண், ணு, என்று தட்டுவான், பிரிண்ட் எடுப்பார்கள், அவளிடம் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு அது ஒரு ஃபைலில் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயது. அக்கா அத மட்டும் கேட்டுடாதக்கா, அவருக்குத் தெரியாதுக்கா, தண்ணி பாட்டில் கவுந்துடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன் என்று போனில் அழுதாள், அவர் என்றால் அவள் புருஷன், இன்றைக்கு பைக்கில் கூட்டிக்கொண்டு வந்து கேட்டருகே வேப்பமர நிழலில் நிற்கிறான், நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏன் வர்ற, வரமாட்டேன்னு சொல்லேன் என்று நான்தான் போனில் கேட்டேன். வரலன்னா பிரசவ லீவு கஷ்டம்னு மேடம் சொல்றாங்கக்கா. அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன், பால் பொங்கி வழிந்தது. பிரசவ லீவு என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா. அது சட்டம். வயிற்றில் பிள்ளையோடு வேலை செய்கிற எவளுக்கும் உள்ளது. அவளுக்கு உரியதையே எடுத்து அவளுக்கு லஞ்சமாகக் கொடுக்கிறார்கள், அதையும் அவள் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறாள். இந்த நளினி மேடம் போன வருஷம் பிரசவ லீவு முடிந்து வந்து எல்லா லைனுக்கும் பேடா கொடுத்தார். குழந்தை போட்டோவைக் காட்டினார். நானும் இரண்டு கையால் வாங்கித் தின்றேன்.

வக்கீலின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, ஒரு நிமிஷம், ஜட்ஜ்மென்ட் விஷயம், என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு மெதுவாகத் தானே மூடிக்கொண்டது. நளினி மேடம் ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி, தண்ணி குடிங்க அஞ்சுகம், நிதானமா யோசிச்சுக் கேளுங்க என்றார். தண்ணீர். இந்தக் கட்டடத்தில் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்ன முதல் ஆள். நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை மேடம், உங்களுக்குத் தெரியாதா, காலையில் வீட்டில் அரை டம்ளர், மத்தியானம் சோற்றோடு ஒரு வாய், அதோடு சாயங்காலம் கேட்டைத் தாண்டிய பிறகுதான். வேனில் ஏறியதும் எல்லாரும் பாட்டிலைத் திறப்போம், வேன் முழுக்க மடக் மடக்கென்று சத்தம் கேட்கும், டிரைவர் சிரிப்பான், என்னக்கா பாலைவனத்துலேர்ந்தா வர்றீங்க என்பான். எனக்கு அடிவயிற்றில் எரிச்சல் வந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டரம்மா, நல்லா தண்ணி குடிக்கணும்மா, அடக்கி வைக்கக்கூடாது, இதுகூடவா தெரியாது என்று திட்டினார். தெரியும் டாக்டர். அடக்கி வைக்கக்கூடாது என்று எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும். ஃப்ளோர் இன்சார்ஜ் தயாளனுக்குத்தான் தெரியாது. லைனுக்கு ஐம்பது பேருக்கு மேல், டோக்கன் இரண்டு. பச்சை பிளாஸ்டிக்கில் வட்டமாக, ஆட்டோ ஸ்டாண்டு டீக்கடையில் கொடுப்பார்களே அது மாதிரி. அதை வாங்கிக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போக வேண்டும், திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். தயாளன் மேஜையில் ஆணியில் தொங்கும். சரக்கு ஏற்றுகிற ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் தொங்காது. சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பெற்றவர்கள் எந்த நேரத்தில் அவனுக்குத் தயாளன் என்று பேர் வைத்தார்களோ. இளித்துக்கொண்டே சொல்வான், சோறு தின்னத்தானே போனீங்க, அப்பவே போயிருக்கலாம்ல. பள்ளிக்கூடத்தில் விரலைக் காட்டினால் டீச்சர் விட்டுவிடுவார், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இருந்த சுதந்திரம் பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயசில் எனக்கு இல்லை.

அன்றைக்கும் ஷிப்மென்ட்தான். நான் லைனின் கடைசியில் செக்கிங், தைத்து வருகிற சட்டையை விளக்கடியில் விரித்து நூல் பிசிறு, தையல் விட்டது, எண்ணெய்க் கறை எல்லாம் பார்ப்பது. குனிந்த தலை நிமிரக்கூடாது, ஆனாலும் எனக்குக் கண் போகும். மோனிஷா எனக்கு நாலைந்து மிஷின் தள்ளிக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள், சட்டைக் கைதான், உடம்போடு சேர்த்து. அவள் எழுந்து தயாளனிடம் போனதைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததையும். மறுபடி போனாள். அவன் வாட்சைக் காட்டினான். அதற்கப்புறம் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள், அவன் அந்தப் பக்கமாகத் திரும்பி யாரையோ கத்திக்கொண்டிருந்தான். நானாவது அப்போது எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவில்லை, எனக்கு முன்னால் சட்டைகள் குவிந்துகொண்டே இருந்தன. ஒரு காலர் கோணலாக இருந்தது, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன், அவள் ஸ்டூலுக்குக் கீழே தரை பளபளவென்று இருந்தது. முதலில் எண்ணெய் என்றுதான் நினைத்தேன். அது நகர்ந்தது. அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். அதுதான், அதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது, அவள் நிறுத்தவில்லை, கால் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தது, கை துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தது, கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை, நிறுத்தினால் பீஸ் குறையும், பீஸ் குறைந்தால் அவன் வருவான், வந்தால் பார்த்துவிடுவான். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தூணில் இருக்கிற மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். எங்கள் லைன் முழுக்க ஒரே மூச்சில் அடங்கியது. அத்தனை வருஷத்தில் எங்கள் லைன் அப்படி அமைதியாகி நான் கேட்டதேயில்லை, யாரோ இருமியதுகூடக் கேட்டது. மேஜையிலிருந்த துணிக்கட்டைப் பிரித்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன், தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். எவடி அது மெயின ஆஃப் பண்ணது என்று தயாளன் ஓடி வந்தான். நான்தான்டா, உங்கொம்மாளும் உன்ன இப்பிடித்தானடா சொமந்தா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும், இப்போது நினைத்தால் எத்தனையோ வருகிறது.

மறுநாள் சஸ்பெண்ட். நாலு நாளில் மெமோ வந்தது. உற்பத்தியை வேண்டுமென்றே நிறுத்தியது. ஏற்றுமதிக்கான துணியைச் சேதப்படுத்தியது. மேலதிகாரியின் தாயாரைக் குறித்து ஆபாசமாகப் பேசியது. என் மகள் உரக்கப் படித்தாள், நான் திரும்பப் படிக்கச் சொன்னேன், அம்மா இதுல அந்த அக்காவப் பத்தி ஒண்ணுமே இல்லயேம்மா என்றாள். இல்லை. ஒரு பெண் இருந்தாள் என்றே இல்லை, டோக்கன் என்ற சொல் இல்லை. ஏதோ எனக்குப் பைத்தியம் பிடித்து மெயினை இழுத்துவிட்ட மாதிரி, சும்மா பொழுதுபோகாமல் எக்ஸ்போர்ட் துணியைக் கிழித்து விளையாடிய மாதிரி. அவன் தாயாரை நான் ஆபாசமாகப் பேசினேனாம். சுமந்தாள் என்பது ஆபாசமா. சுமக்காமல் அவன் என்ன மரத்திலிருந்தா விழுந்தான். நியாயமாக ஒரு பயலுக்காவது வெட்கம் வர வேண்டாமா அதை எழுதும்போது. இப்போது என்னடாவென்றால் வெட்கப்பட வேண்டியது நானும் அவளும். நான் கேட்டால் அவளுக்கு வெட்கம், கேட்காவிட்டால் எனக்கு வேலை போகும், தயாளன் மட்டும் வெளியே வராண்டாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான், அவன்தான் அடுத்த சாட்சி, ஆனால் அவனுக்கு முன்னால் இவளை உட்கார வைத்துவிட்டார்கள், யாருடைய மூளையோ அது. மோனிஷா கொடுத்த சாட்சி இதுதான், எனக்கு ஒண்ணுமில்ல, உடம்பு நல்லாத்தான் இருந்தது, அஞ்சுகம் அக்கா தானா வந்து மெயினை ஆஃப் பண்ணிட்டாங்க, சாரைத் திட்டினாங்க. சொல்லிக் கொடுத்ததை அப்படியே, பாட்டு ஒப்பிப்பது போல, மூச்சு விடாமல் சொன்னாள். உடம்பு நல்லாத்தான் இருந்தது என்னும்போது மட்டும் அவள் கை தானாக வயிற்றின்மேல் போனது.

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு கம்பெனி துரத்தினால் இன்னொரு கம்பெனி எடுக்காது, பேரைச் சொன்னதும் போன் போடுவார்கள், அந்தம்மாவா, சங்கத்து ஆளுங்க கூட சுத்துமே அதுவா என்பார்கள். நாற்பத்தைந்துக்கு மேல் யார் எடுப்பார்கள். ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் ஒரே விஷயம்தான், காலையில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும், நான் வீட்டுக்குள் நின்றுகொண்டு கேட்பேன், அது போய்விடும். கேட்டுவிட வேண்டியதுதான். அவள் என்ன என் கூடப் பிறந்தவளா. எனக்கு எதிராகத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கட்டிவிட்ட துணியோடுதானே அன்றைக்கு நடந்தாள், பாத்ரூமில் நான் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்ற ஊற்ற, யாரும் பாக்கலல்லக்கா, யாரும் பாக்கலல்ல என்று அதையேதானே கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் பாக்கலடி என்றேன். லைனே பார்த்திருந்தது. யாரும் பாக்கல என்றேன். இப்போது நானே, இந்த வாயாலேயே, நீ போனாயா இல்லையா. ஐயோ. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லி, நான் ஜெயித்து, பழையபடி செக்கிங் மேஜையில் வந்து நின்று, நாலைந்து மிஷின் தள்ளி அவளைப் பார்த்துக்கொண்டு. எதற்கு இந்தக் கேள்வி. அடக்க முடியாமல் போனது அவள் குற்றமா என்ன, அதை ஏன் அவளிடம் கேட்க வேண்டும். ஈரத்தைப் பற்றியே எல்லாரும் யோசிக்கிறார்கள், அவர்கள் மறைக்கிறார்கள், எத்திராஜ் அண்ணன் தோண்டுகிறார், நானும் இத்தனை நாளாக அதிலேயே கிடந்து உழல்கிறேன், அந்தப் பெண் எழுந்து எழுந்து போனாளே, கையைத் தூக்கினாளே, அதைப் பற்றி ஒருத்தர்கூட.

கதவு திறந்தது. வக்கீல் வந்து உட்கார்ந்து, என்னம்மா, கேள்வி இருக்கா, இல்லன்னா இல்லன்னு பதிவு பண்ணிட்டு அடுத்த சாட்சிக்குப் போயிடலாம் என்றார். நளினி மேடம் தலையை ஆட்டினார். இருக்கு சார் என்றேன். மோனிஷாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறியது, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். மோனிஷா, என்றேன். அன்னிக்கு நீ தயாளன் சார்கிட்ட எத்தன தடவ டோக்கன் கேட்ட?

அவள் கண்ணைத் திறந்தாள்.

இது சம்பந்தமில்லாத கேள்வி, என்றார் வக்கீல் உடனே, டோக்கன் பத்தி குற்றச்சாட்டுல எதுவும் இல்ல, அனுமதிக்க முடியாது, வேற கேளுங்க. சரி சார், என் கேள்விய அப்பிடியே எழுதிக்குங்க, அனுமதிக்க முடியாதுன்னு நீங்க சொன்னதையும் எழுதிக்குங்க என்றேன். இதுவும் எத்திராஜ் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான், மறுத்தா மறுத்தத எழுதச் சொல்லு. குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. அதெல்லாம் நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்றது எனக்கு உரிமை சார், நான் கேட்டது இந்தப் பேப்பர்ல இல்லன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஏன் போடலன்னும் எழுதித் தருவேன். டைப்பிஸ்ட் கையைத் தூக்கியபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நளினி மேடம், அஞ்சுகம், ப்ளீஸ், பிரச்சினை பண்ணாதீங்க, அந்தப் பொண்ணோட நெலமையப் பாருங்க என்றார். பார்த்துத்தான் மேடம் மெயினை இழுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அந்தப் பெண் பேசினாள்.

ஞாபகம் இல்லக்கா, என்றாள் மோனிஷா. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.

நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லம்மா, என்றார் வக்கீல். அவள் அவரைப் பார்க்கவில்லை. அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். எந்திரிச்சுப் போய்க் கேட்டேன், ரெண்டு தரமோ மூணு தரமோ. டோக்கன் அவரு பையிலதான் இருந்துச்சு, வெளிய தெரிஞ்சுது. அப்புறம் நடக்க முடியல, உக்காந்துகிட்டே கை தூக்கினேன். அப்புறம் கேக்கல, என்றாள். கேக்க வேண்டிய அவசியம் இல்லாமப் போயிடுச்சு.

நளினி மேடம் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், அவர் கழுத்து சிவந்திருந்தது. சார், இத எப்பிடிப் போடறது என்று டைப்பிஸ்ட் மெல்லக் கேட்டான். வக்கீல் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார், வந்ததிலிருந்து அவர் யோசித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அவங்க சொன்ன மாதிரியே போடுங்க தம்பி என்றேன் நான். அவன் ஒரு கணம் வக்கீல் முகத்தைப் பார்த்தான், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை அசைத்தார், அது போடு என்பதா வேண்டாம் என்பதா என்று யாருக்கும் தெரியாது. அவன் போட்டான். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தட்டி முடித்து, படிச்சுக் காட்டட்டாம்மா என்று அவளிடம் கேட்டான். படிங்க என்றாள். எல்லாவற்றையும் படித்தான், முதலில் ஒப்பித்ததையும் கடைசியில் சொன்னதையும். மோனிஷா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேப்பரைத் தன் பக்கம் இழுத்து, வயிறு இடிக்காமல் ஒருக்களித்துச் சாய்ந்து கையெழுத்துப் போட்டாள், முழுப் பேரையும் போட்டாள். எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து பிடிக்கப் போனேன், வேணாங்க்கா, நானே போயிடறேன் என்றாள்.

இதனால் என் வேலை நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய லீவை இனி என்ன செய்வார்களோ, அதற்கும் எத்திராஜ் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும், அதையும் விடப்போவதில்லை. ஆனால் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கேள்வி போய்விட்டது. அடுத்த சாட்சி என்று வக்கீல் சொன்னார். தயாளன் உள்ளே வந்தான், வராண்டாவில் ஒன்றும் காதில் விழவில்லை போலிருக்கிறது, வணக்கம் சார், வணக்கம் மேடம் என்று இளித்துக்கொண்டே மோனிஷா விட்டுப்போன நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன். இவனிடம் கேட்க என்னிடம் நிறைய இருந்தது.